மைக்கில் ஒலிக்கும் வசவும் மருத்துவமனைப் பெயர்ப்பலகையும்

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குவது என் தொழில். அண்மைக் காலமாக அந்தப் பிள்ளைகளின் உடன்பிறந்தவர்களையும் பெற்றோர் அழைத்து வருகிறார்கள். அப்படி வந்தவன் எட்டாம் வகுப்பு மாணவன். பிஜிஎம்ஐ என்ற இணையத் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடும்போது, ஸ்குவாடில், அதாவது தன் அணியில், யாராவது அவசரப்பட்டு நாக் ஆகி (அடிபட்டு) விழுந்துவிட்டால், “டேய் மெண்டல்” என்று மைக்கில் கத்துவான். கோபம் முற்றினால், அறிவு வளர்ச்சி குன்றியவரை ஆங்கிலத்தில் இழிவாகக் குறிக்கும் “ரிடார்ட்” என்ற சொல்லைச் சொல்வான். அதே கூடத்தில் தரையில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும் அவனுடைய அக்காவுக்கு டவுன் சிண்ட்ரோம். தம்பியின் குரல் உயரும்போதெல்லாம் அவள் பென்சிலை வைத்துவிட்டு, “என்னையா சொல்ற?” என்று கேட்கிறாள் என்றார் தாயார்.

“அது சும்மா சொல்றது மேடம், எல்லாரும் சொல்றாங்க, அதுக்கு அர்த்தமே இல்ல” என்றான் பையன். அவன் பொய் சொல்லவில்லை. ஒரு நாளில் நூறு முறை புழங்கும் வசைச்சொல், சொல்பவர் வாயில் மெல்ல மெல்லப் பொருளை இழந்து வெறும் ஓசையாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லை யாரிடமிருந்து எடுத்தோமோ அவர்களுடைய காதில் அது தேய்வதே இல்லை. அவன் அக்காவின் கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

அவனிடம் நான் கீழ்ப்பாக்கத்தின் கதையைச் சொன்னேன். சென்னையில் 1794இல் தொடங்கப்பட்டு, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனை, ஆங்கிலேயர் காலத்தில் பைத்தியக்காரர் விடுதி என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரையே தாங்கியிருந்தது. அங்கிருப்பவர்கள் நோயாளிகள், அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றபோது, 1922இல் அப்பெயர் நீக்கப்பட்டு ‘மெண்டல் ஹாஸ்பிடல்’ என்ற புதிய பெயர் வந்தது. அக்காலத்தில் அது மரியாதைக்காகக் கொண்டுவரப்பட்ட சொல். மக்கள் பேச்சில் அது ‘மெண்டல் ஆஸ்பத்திரி’ ஆயிற்று. பிறகு ஆஸ்பத்திரி உதிர்ந்து ‘மெண்டல்’ மட்டும் மிஞ்சி, மனிதரைக் குறிக்கும் ஏச்சானது. போதாததற்கு ஊர்ப்பெயரும் ஏச்சாகி, “கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்” என்பது இன்றும் கேலியாகவே சொல்லப்படுகிறது.

‘ரிடார்ட்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘இடியட்’, ‘இம்பெசைல்’, ‘மோரான்’ ஆகிய மூன்றும் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதப்பட்ட வகைப்பெயர்கள். இவற்றுள் ‘மோரான்’ என்பதை 1910இல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி காடர்ட், கிரேக்க மொழியிலிருந்து எடுத்து உருவாக்கினார். மூன்றும் தெருவில் வசவுகளானபோது, தாமதம் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து பிறந்த ‘ரிடார்டேஷன்’ அவற்றின் இடத்துக்கு வந்தது. அதுவும் கெட்டுப்போகவே, 2010இல் ‘ரோசா சட்டம்’ என்ற பெயரில் அமெரிக்கா தன் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து அச்சொல்லை நீக்கியது. இந்தியாவில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த அதே சொல், 2016ஆம் ஆண்டின் சட்டத்தில் குறைபாட்டின் வகைப்பெயராக இல்லை. அறிவுசார் குறைபாடு என்ற பொருளுடைய சொல்லே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதிப்பதை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. இதைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை; ஆனால் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எந்தச் சொல்லைக் கொண்டுவந்தாலும் கடைசியில் கெட்டுத்தானே போகிறது, பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று தந்தையர் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஏனெனில் “நீ என்ன ஸ்பெஷல் சைல்டா?” என்ற ஏளனத்தை நானே பள்ளி மாணவர்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆயினும், மகளின் சான்றிதழில் எழுதப்பட்டிருப்பதும் தெருவில் வசவாகக் கேட்பதும் ஒரே சொல்லாக இருந்த காலத்தில், அதைக் கையில் வாங்கிய தாய்மார்கள் காகிதத்தை மடித்து மறைத்ததைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இருபது ஆண்டுகள் மட்டுமே மரியாதையோடு நிற்கும் சொல் என்றாலும், அந்த இருபது ஆண்டுகளில் வளரும் பிள்ளைக்கு அது வேண்டும்.

இணைய ஆட்டங்களில் இச்சொற்கள் இவ்வளவு விரைவாகப் பரவக் காரணங்கள் உண்டு. முகம் தெரியாத நால்வர் சேர்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் பிரிந்துவிடுகிறார்கள். தோல்விக்குக் காரணமானவனைக் குற்றம் சொல்ல நொடிப்பொழுதே கிடைக்கிறது. எழுத்து உரையாடலில் வசவுகளை மறைக்கும் வடிகட்டிகள், ஆங்கில எழுத்தில் மனம்போன போக்கில் தட்டச்சு செய்யப்படும் தமிழ் வசவுகளிடம் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. குரலில் வருவதைத் தடுப்பது அதைவிடக் கடினம். தவிர, இந்த மொழியைப் பிள்ளைகள் ஆட்டத்தை நேரலையில் ஒளிபரப்புபவர்களிடமிருந்தும் கற்கிறார்கள். 2021 ஜூனில், ஆட்ட நேரலைகளில் ஆபாசமாகவும் இழிவாகவும் பேசியதாகத் தமிழ்நாட்டில் யூடியூபர் ஒருவர் கைது செய்யப்பட்ட பிறகுதான், தங்கள் பிள்ளைகள் காதில் மாட்டியிருக்கும் கருவியில் என்ன ஓடுகிறது என்பதைப் பல வீடுகள் அறிந்துகொண்டன.

ஆட்டக்காரர்கள் வசவே இல்லாமல் ஆட வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ‘நூப்’ என்பது புதியவனைக் கேலி செய்கிறது. பத்து நாள் பழகினால் அந்தப் பெயர் போய்விடும். ‘பாட்’ என்பது இயந்திரம் போல ஆடுகிறான் என்கிறது. இரண்டும் ஆட்டத்தைப் பற்றியவை. பயிற்சியால் ஒருவர் விட்டு வெளியேற முடியாத நிலையைக் குறிக்கும் சொற்களே, அதாவது உடல், அறிவு, சாதி, பாலினம் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவையே, என்னிடம் வரும் பிள்ளைகளைக் காயப்படுத்துகின்றன.

ஆகவே அந்தப் பையனுக்குத் தடைச்சொற்களின் பட்டியல் எதையும் நான் கொடுக்கவில்லை. நண்பன் செய்த தவறு என்னவோ அதையே சொல்லிக் கத்தும்படி கேட்டுக்கொண்டேன். சற்று யோசித்துவிட்டு, “கவர் எடுக்காம ஏன்டா ஓடுற” என்றான், அதாவது மறைவிடம் தேடாமல் ஏன் ஓடுகிறாய் என்று. அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். எல்லை மீறும் அந்நியரை மியூட் செய்து ரிப்போர்ட் செய்வது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. செய்தால் நண்பர்கள் சிரிப்பார்கள் என்ற கூச்சமே தடுத்திருந்தது. அதைப் பற்றித்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம்.

மூன்று வாரம் கழித்துத் தாயார் வந்தார். இரண்டு முறை அவனுக்கு வாய் தவறியதாம். இரண்டு முறையும் மைக்கை அணைத்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தானாம். இப்போது அவன் ஆட்டத்தில் பாய்ந்து தாக்கச் சொல்லி “ரஷ்” என்று கத்தினால், அவளும் பென்சிலை உயர்த்தி “ரஷ்” என்கிறாளாம்.