வயதான நாய் சுகமாக இருக்கிறதா? வீட்டிலேயே கணிப்பது எப்படி

"சாப்பிடுது டாக்டர், வாலும் ஆட்டுது. வலி இருந்தா கத்தாதா?" என்று கேட்பவர்கள் அநேகம். நாள்பட்ட வலிக்கு நாய் பெரும்பாலும் கத்தாது. படிக்கட்டைப் பார்த்ததும் தயங்கும். எழுந்திருக்க இரண்டு மூன்று முறை முயலும். ஒரே மூட்டை நக்கி நக்கி அங்குள்ள முடி பழுப்பேறிவிடும். ராத்திரி முழுக்க இடம் மாற்றி மாற்றிப் படுக்கும். லாப்ரடார் போன்ற சாப்பாட்டுப் பிரியர்கள் மூட்டு தேய்ந்து நடக்க முடியாதபோதும் தட்டைக் காலி செய்துவிடும் என்பதால் பசியை மட்டும் நம்பக் கூடாது. கிளினிக்குக்கு வந்த பதற்றத்தில் நொண்டல்கூட மறைந்துவிடும். வீட்டில் எழுந்து நடப்பதை வீடியோ எடுத்து வாருங்கள், அதுதான் எங்களுக்கு உதவும்.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஓர் அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண்; 10 என்றால் நல்ல நிலை, வலி இல்லாவிட்டாலும் 10தான். மொத்தம் 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். ஆனால் கூட்டுத்தொகை ஏமாற்றும். மற்ற ஆறும் நன்றாக இருந்து, மூச்சு விடத் திணறினால் அந்த 35-க்கு அர்த்தமே இல்லை. மூச்சுத் திணறலையும் வலிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மூச்சை எண்ணுவது எளிது. நாய் நன்றாகத் தூங்கும்போது, வெக்கை இல்லாத இடத்தில், 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

தண்ணீரை அளந்து வையுங்கள். 10 கிலோ நாய் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் ரத்தம், சிறுநீர் பரிசோதனை அவசியம். தோலை இழுத்துப் பார்ப்பது கிழட்டு நாயில் சரிவராது, தோலே தளர்ந்திருக்கும். ஈறைத் தொடுங்கள், பிசுபிசுத்தால் நீர்ச்சத்து குறைவு.

படுத்த படுக்கையான நாய்க்குச் சுத்தம்தான் பெரிய விஷயம். சிறுநீரில் ஊறிய முடிக்கடியில் தோல் வெந்துபோகும், அந்த வாடைக்கு ஈ வந்து முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினமும் வாலைத் தூக்கி, தொடையிடுக்கை விலக்கிப் பாருங்கள். முடியைக் கத்தரித்துவிடுங்கள். இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

வீட்டிலிருக்கும் ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். குடலில் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகம் பழுதாகும். மருத்துவர் எழுதித் தரும் வலி மருந்தை இரண்டு வாரம் கொடுத்துவிட்டு மறுபடி மதிப்பெண் போடுங்கள். நடை தெளிந்தால், இதுவரை "வயசாயிடுச்சு" என்று விட்டது வலிதான்.

காலண்டரில் தினமும் நல்ல நாளா, கெட்ட நாளா என்று குறியுங்கள். வீட்டில் இருவர் தனித்தனியாகக் குறிப்பது நல்லது, பாசம் கண்ணை மறைக்கும். மருந்து கொடுத்தும் கெட்ட நாட்களே கூடினால், கருணைக்கொலை பற்றி நள்ளிரவு அவசரத்தில் அல்ல, முன்கூட்டியே கேளுங்கள். முதலில் மயக்க மருந்து. நாய் ஆழ்ந்து தூங்கிய பிறகே அடுத்த ஊசி. வீட்டுக்கு வந்து செய்வார்களா, ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள் என்பதையும் அப்போதே விசாரித்து வையுங்கள்.