துரு, களிம்பு, அரிமானம்

பாத்திரமோ மோட்டாரோ ஜன்னல் சட்டமோ, எதை வாங்கினாலும் கூடவே வரும் தமிழ்க் குறிப்பில், ஆங்கிலத்தின் 'corrosion-resistant' என்பதைத் 'துருப்பிடிக்காது' என்று மொழிபெயர்த்து அச்சடித்துவிடுகிறார்கள். செம்புக் குடத்துக்கும் அதே வாசகம், அலுமினியத்துக்கும் அதே வாசகம். செம்பு எங்கேயாவது துருப்பிடிக்குமா?

துரு பழைய திராவிடச் சொல். மலையாளத்தில் துரும்பு, தெலுங்கில் துப்பு, கன்னடத்தில் துக்கு. இரும்பு தண்ணீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து செம்பழுப்பாகப் பொரிந்து உதிர்கிறதே, அதுதான் துரு.

செம்பிலும் பித்தளையிலும் படிவது களிம்பு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் பரணிலிருந்து இறக்கினால் "களிம்பேறிக் கிடக்கு, புளி போட்டுத் தேய்" என்பார்கள். துரு என்ற பேச்சே வராது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்பதும் களிம்புக்குப் பயந்துதான். திருவாவடுதுறையோடு சேர்த்துச் சொல்லப்படும் திருமூலர், நந்தியாகிய சிவன் உயிரின் மாசை நீக்கியதைக் 'களிம்பறுத்தான்' என்றே பாடினார். அப்படிப்பட்ட சொல்லை மருந்துக்கடைக் குப்பிக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு, செம்புக்குத் துருவைக் கடன் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, பேச்சுவழக்கில் எல்லாவற்றுக்கும் துரு என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பவர்கள் உண்டு. அவர்கள் ஓர் இரும்பு ஆணியை வெவ்வேறு திரவங்களில் போட்டுப் பார்க்கட்டும். காய்ச்சி ஆறவைத்து, மேலே எண்ணெய் ஊற்றி மூடிய தண்ணீரில் ஆணி நாட்கணக்கில் அப்படியே கிடக்கும். அதில் கரைந்த ஆக்சிஜன் இல்லை. உப்புத்தண்ணீரில் சீக்கிரமே சிவக்கும். உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்துக்கு வழிவிடுகிறது; குளோரைடோ உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தைக் குலைக்கிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று படும் வீடுகளில் கூரைக் கம்பி துருவேறிப் பருத்து, காரையைப் பிளந்துகொண்டு வருவது இதனால்தான். இதுவரை துரு என்பதில் தப்பில்லை.

அதே ஆணியை எலுமிச்சைச் சாற்றில் மூழ்க வையுங்கள். மெல்ல ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும், ஆணி இளைக்கும், ஆனால் செம்பழுப்புப் பொடி சேராது. இரும்பு உப்பாக மாறிச் சாற்றிலேயே கரைந்துபோகிறது. இரும்பே துரு இல்லாமல் அழிகிறது! தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஆணிக்குச் சேதமில்லை. சிமெண்டுக்குள் கம்பி பிழைத்திருப்பதும் அந்தக் காரத்தால்தான். அலுமினியத்துக்கோ காரம்தான் எமன். காஸ்டிக் சோடா அதைக் கரைத்தே விடும். இத்தனைக்கும் துரு என்று ஒரே சொல்லை எழுதினால், படிக்கிற பிள்ளைக்கு எந்த உலோகம் எதனால் போயிற்று என்று எப்படி விளங்கும்?

உலோகம் இப்படி அழிவதற்கெல்லாம் பொதுப்பெயர் அரிமானம். கரையான் அரிக்கிறது, ஆறு கரையை அரிக்கிறது என்கிறோமே, அந்த 'அரி'. தேய்மானம், கட்டுமானம் போலவே ஈறு. பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள சொல்தான். 'அரிப்பு' போதும் என்று சிலர் சுருக்குகிறார்கள். தோலில் எடுப்பதும் அரிப்பு, மண் போவதும் அரிப்பு. 'கொள்ளிடம் பாலத் தூண்களில் அரிப்பு' என்று செய்தி வந்தால், அடியில் மணல் போயிற்றா, உள்ளே கம்பி போயிற்றா? பொறியாளருக்கு இரண்டும் வேறு வேறு வேலை. இந்தத் தெளிவைக்கூடக் கொடுக்காத மொழிபெயர்ப்பு யாருக்கு? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். எந்த உலோகம் என்று கேட்பதே இல்லை.

'துருப்பிடிக்காத எஃகு' மட்டும் நியாயமான பெயர், ஏனென்றால் அது இரும்பின் வகை. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் மேலே மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. அதற்கும் உப்பு ஆகாது. ஈரமான கல்லுப்பை எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தால் அடியில் புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழும். அதன் பெயர் குழி அரிமானம்; உப்புக்குப் பீங்கான் ஜாடிதான் சரி.