வெஸ்டிபியூலர் இம்ப்ளான்ட்: சமநிலை உள்வைப்பு

லத்தீனில் 'வெஸ்டிபுலம்' என்றால் வீட்டின் முன்முற்றம், நம் 'முன்றில்'. உட்செவியில் ஒலியை உணரும் காக்ளியாவுக்கும் தலைச்சுழற்சியை உணரும் மூன்று அரைவட்டக் குழல்களுக்கும் நடுவே உள்ள எலும்பறைக்கு உடற்கூறு நூலார் இந்தப் பெயரை வைத்தார்கள். நாளடைவில் சமநிலை உணர்வைச் சார்ந்த நரம்பு, நோய், கருவி எல்லாமே 'வெஸ்டிபியூலர்' ஆகிவிட்டன.

சமநிலை உணர்வை இழந்தவரின் உட்செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டும் கருவிதான் வெஸ்டிபியூலர் இம்ப்ளான்ட். அதை 'முன்றில் உள்வைப்பு' என்று பெயர்த்தால் இடமே தப்பாகிவிடும். இந்தக் கருவியின் மின்முனைகள் பெரும்பாலும் போய்ச் சேர்வது அந்த அறைக்கு அல்ல, ஒவ்வொரு அரைவட்டக் குழலின் அடியிலுள்ள குமிழுக்கு. செய்யும் வேலையைச் சொல்லும் 'சமநிலை உள்வைப்பு' என்பதே பொருத்தம்.

ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற மருந்துகள், தலையசைவை உணரும் உணர்முடிச் செல்களை இரு காதுகளிலும் அழித்துவிடலாம். தலை அசையும்போது கண் ஈடுகொடுக்காது. நடந்தால் எதிரே உள்ள எழுத்து குதிக்கும். தலையில் பொருத்திய கைரோஸ்கோப் சுழற்சியை மூன்று தளங்களில் அளக்க, தோலுக்கடியில் உள்ள தூண்டி அதை மின்துடிப்பாக்கி நரம்புக்கு அனுப்புகிறது. தலை அசையாதபோதும் துடிப்பு நிற்காது. கருவி உள்ள பக்கம் தலை திரும்பினால் வேகம் கூடும், எதிர்ப்பக்கம் திரும்பினால் குறையும். ஒரு காதில் வைத்தாலே இரு திசையும் தெரிவது இதனால்தான். முதன்முறை இயக்கும்போது உலகமே சுழல்வதுபோல் இருக்கும், கண்கள் தானாக ஓடும். அடிப்படைத் துடிப்புக்கு மூளை பழகிய பிறகே ஏற்ற இறக்கத்தைச் சேர்க்க வேண்டும்.

சோதனையில் கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டி, தலையைச் சட்டெனத் திருப்புவார்கள். கண் அதே அளவு எதிர்த்திசையில் நகர வேண்டும். வேறு கோணத்தில் போனால் மின்னோட்டம் பக்கத்துக் குழலின் நரம்புக்குக் கசிகிறது. முகம் துடித்தால் முகநரம்புக்குக் கசிகிறது. மின்னோட்டத்தைக் குறைக்கலாம், ஆனால் கண்ணசைவும் சுருங்கும். வேறு மின்முனைக்கு மாற்றிப் பார்ப்பதே முதலில் செய்ய வேண்டியது.

2021-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, இந்தக் கருவி வைத்த 8 பேரின் முடிவுகளை வெளியிட்டது. நிற்பதும் நடப்பதும் பொதுவாக மேம்பட்டன. ஆனால் ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் கருவி வைத்த காதில் கேட்கும் திறன் குறைந்தது. இந்த இழப்பை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். செல்கள் அழிந்தும் நரம்பு உயிரோடு இருப்பவர்களுக்கே இந்தக் கருவி பயன்படும். நரம்பே பட்டுப்போயிருந்தால் துடிப்பை ஏந்திச் செல்ல வழியில்லை.