ஒரு கிராமுக்குள் நாலு பரப்பு

நுண்துளைத் திண்மங்களை உருவாக்கிய கிற்றகாவா, ரொப்சன், யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு, யாழ்ப்பாணத்து உயர்தர மாணவி ஒருவர், "அவ்வளவு சின்ன ஓட்டையை எதாலை துளைக்கிறவை, சேர்?" என்று கேட்டார். எவரும் துளைப்பதில்லை. பரிசுபெற்ற திண்மங்களில் உலோக அயன்களும் காபன் சேர்மங்களும் சட்டம்போலப் பிணைய, இடைவெளி தானாகவே அமைகிறது. எனக்கு அதிலும் பிரியமானது, 1992இல் மோபில் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட, சவர்க்காரத்தை அச்சாகக் கொண்ட சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள்.

எமது சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றடியில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனையான மறையேற்றத் தலையைக் கல்சியம் அயன் பற்றிக்கொள்வதே காரணம். சிலிக்காவுக்குப் பயன்படும் சீற்றைல்திரைமெதைல் அமோனியம் புரோமைட்டு என்ற சவர்க்காரத்துக்கோ தலை நேரேற்றமுடையது. 16 காபன் நீளமான அதன் வால் நீரை வெறுப்பதால், வால்கள் உள்ளே ஒளிய, தலைகள் நீரைப் பார்த்திருக்க, மூலக்கூறுகள் சிறு திரள்களாகக் கூடுகின்றன. அமோனியா கலந்த அக்கரைசலில் சிலிக்கன் சேர்ந்த திரவமொன்றைத் துளித்துளியாக விட்டால், அது நீரோடு தாக்கமுற்று மறையேற்றச் சிலிக்கேற்றாக மாறுகிறது.

என்னை இன்றும் வியக்கவைப்பது இதற்கு அடுத்த கட்டம்தான். சிலை வார்ப்பவர் மெழுகுருவை முழுமையாகச் செய்து முடித்த பின்னரே அதன்மேல் மண் பூசுவார். இந்த ஐதான கரைசலிலோ ஒழுங்கான அச்சு என்று எதுவும் முன்கூட்டியே இருப்பதில்லை. ஒத்த ஏற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த தலைகளுக்கிடையே சிலிக்கேற்று வந்தமர்ந்து அத்தள்ளுகையைத் தணிக்கும்போதுதான், திரள்கள் உருளைகளாக நீண்டு, நெருங்கி, தேன்கூட்டு அறைகளைப்போல அறுகோணமாக அடுக்கப்படுகின்றன. அச்சு வார்ப்பை உருவாக்கும் அதே கணத்தில் வார்ப்பும் அச்சை உருவாக்குகிறது. தெளிந்திருந்த கரைசல் அரிசி கழுவிய நீராக மங்கி, பின்னர் தேங்காய்ப்பாலாக வெளுப்பதை முகவையருகே நின்று பார்க்கலாம்.

வடித்து, உலர்த்தி, ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் சில மணிநேரம் சூடாக்கினால் சவர்க்காரம் எரிந்துபோக, சிலிக்காச் சுவர்களுக்கிடையே சில நானோமீற்றர் (மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு) அகலமான குழாய்கள் எஞ்சுகின்றன. வெப்பநிலையை மெல்ல மெல்லவே உயர்த்தவேண்டும். அவசரப்பட்டால் சுவர்கள் இடிந்துவிடும். குறுகிய வாலுள்ள சவர்க்காரத்தை எடுத்தால் துளையும் சிறுக்கும்.

முகவையும் கலக்கியும் உலையும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். செய்ததை அளக்கும் கருவிகளுக்கே பெரும் பணம் வேண்டும். அப்பணத்தை வீண்செலவாகக் கருதும் மனப்பாங்கு எமது மாணவரின் கையைக் கட்டிப்போடுகிறது என்பது என் உறுதியான கருத்து. அளக்கும் முறையும் அழகானது: −196 பாகையில் தூளுக்குள் நைதரசன் வாயுவைச் சிறிது சிறிதாக விட்டு, சுவர்களில் ஒரே படையாக ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகள் எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடம் தெரிந்ததே என்பதால் பெருக்கினால் பரப்பளவு வந்துவிடும். ஒரு கிராமுக்கு அது ஏறத்தாழ 1000 சதுர மீற்றர். ஏக்கருக்கு 16 பரப்பு என்ற எமது காணிக் கணக்கில், நாலு பரப்பு.