காதின் வேலை, கண்ணின் பெயர்

திரையில் இரண்டு வட்டுகள். இடமிருந்து ஒன்றும் வலமிருந்து ஒன்றுமாகப் புறப்பட்டு, நடுவில் சந்தித்து, எதிர்ப்பக்கம் போய்ச் சேருகின்றன. ஓசையில்லாமல் பார்த்தால் ஒன்றையொன்று கடந்து சென்றதாகவே பெரும்பாலும் தோன்றும். சந்திக்கும் கணத்தில் ஒரு 'டிக்' சேர்த்துவிடுங்கள். மோதித் திரும்பியதாகப் பலருக்குத் தெரியும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. 1997இல் வெளியான இந்தச் சோதனையை வீடியோ எடுப்பவர்கள் அனைவரும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. காது கேட்டதைக் கண் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

இந்தக் கள்ளக் கணக்குதான் ஒலிக்கலைஞர்களுக்குப் பிழைப்பு. ஒருவர் பனியில் நடக்கும் காட்சியில் மைக் அவர் குரலைக் குறிவைத்திருக்கும். காலடி ஓசை பிறகு ஸ்டூடியோவில் பிறக்கும். சோளமாவு அடைத்த தோல்பையை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, திரையில் கால் பதியும் கணத்தில் எல்லாம் அமுக்குவார். மாவு நெரிபடும் அந்த 'நறுக்'கில் பார்ப்பவருக்குப் பனி தெரிந்துவிடும். இந்தக் கலைக்கு ஃபோலி என்று பெயர். பேசும்படத்தின் தொடக்க காலத்தில் இதைச் செய்த ஜாக் ஃபோலியின் நினைவாக வந்தது.

அதற்கும் அடியில் இன்னோர் அடுக்கு உண்டு: யாரும் பேசாதபோதும் அறைக்கென்று இருக்கும் மெல்லிய இரைச்சல். வசனங்களுக்கு நடுவே அதை அடியோடு வெட்டினால் அமைதி வராது, ஸ்பீக்கர் செத்துவிட்டதோ என்ற சந்தேகம்தான் வரும். அதனால் எல்லோரையும் வாய்மூடி நிற்கவைத்து, வெறும் அறையை அரை நிமிடம் பதிவுசெய்து வைத்துக்கொள்வார்கள். இசை இவற்றுக்கெல்லாம் மேலே வந்து உட்காரும். அது குரலை அமுக்கினால், குரலைக் கூட்டுவதைவிட, மெய்யெழுத்துகளின் தெளிவு தங்கியிருக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை இசையில் சற்றுத் தணிப்பது நல்லது.

"நேரில் நன்றாகத்தானே கேட்டது?" என்று பதிவைக் கேட்டுக் குழம்பாதவர் குறைவு. நேரில் நமக்கு இரண்டு காதுகள். ஒலி அவற்றை அடையும் நேர வேறுபாட்டை வைத்து மூளை பேசுபவரின் திசையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பெருமளவு ஒதுக்கிவிடுகிறது. தள்ளி நிற்கும் ஒற்றை மைக் குரலையும் எதிரொலியையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிவிடும். மைக்கின் தூரத்தைப் பாதியாக்கினால், வாயிலிருந்து நேரே வரும் ஒலி 6 டெசிபல் கூடும். எதிரொலி ஏறத்தாழ அப்படியே இருக்கும். விலையுயர்ந்த கேமரா வாங்குவதற்கு முன் இதைச் செய்யலாம்.

ஏனெனில் ஒலி கெட்டால் பழி மைக்கின்மேல் விழுவதில்லை. 2018இல் உளவியலாளர்கள் எரின் நியூமனும் நார்பெர்ட் ஷ்வார்ஸும் ஒரே அறிவியல் உரையை நல்ல ஒலியிலும் மோசமான ஒலியிலும் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டினார்கள். மோசமான ஒலியில் கேட்டவர்கள் உரையை மட்டுமல்ல, பேசிய ஆராய்ச்சியாளரையும் குறைத்து மதிப்பிட்டார்கள்.

விந்தையாக, ஒலி படத்துக்குப் பிந்தும் தாமதத்தைக் காது ஓரளவு மன்னிக்கிறது. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகும். தூரத்து ஓசை பிந்தி வருவது நமக்குப் பிறந்தது முதல் பழக்கம். உதட்டுக்கு முன்னால் குரல் வருவது இயற்கையில் நடப்பதே இல்லை. ஒளிபரப்புக்கான பன்னாட்டுப் பரிந்துரையின்படி, ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் பிந்துவதற்கு மூன்று ஃபிரேம் சலுகை, முந்துவதற்கு ஒன்றே ஒன்று.