மேசையில் வைத்த புத்தகம் எடுத்துப் போகத்தான்

நூலகத்தில் ஒரு மேசையை இழுத்துப் போட்டு, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டி, அதன் கீழே பத்துப் பதினைந்து புத்தகங்களை நிறுத்தி வைக்கிறோமே, அந்தப் புத்தகங்கள் எதற்கு? சும்மா பார்த்துவிட்டுப் போவதற்கு என்றுதான் வாசகர்களில் பலர் நினைக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, சொன்னால் புரிந்துகொள்வார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் நம்மில் சிலரே அப்படி நினைப்பதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

போன அக்டோபரில் ஒரு பெண், மதுரைக்குள் வேறொரு நூலகத்துக்குப் போயிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு மார்பில் கட்டி, பயாப்சி முடிவு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் ரோஸ் ரிப்பன் படத்தோடு மேசை. கீமோ ஏற்றும் நாட்களில் என்ன சமைத்துக் கொடுப்பது, முடி எப்போது கொட்டும், திரும்ப முளைக்குமா என்றெல்லாம் எளிய தமிழில் சொல்லும் புத்தகம் ஒன்று அதில் இருந்திருக்கிறது. கேட்டதற்கு, "இது டிஸ்ப்ளேக்கு வச்சதும்மா, மாசம் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே சிகிச்சை தொடங்குகிறது, அவர் எதற்காக மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டும்? மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கிளைக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ஏதோ தான்தான் விதி தெரியாமல் கேட்டுவிட்டது போலப் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மாதிரி கேள்விப்படுவது இது முதல் தடவையும் இல்லை.

அப்படி ஒரு விதி கிடையாது. இரவல் தருகிற புத்தகம் அலமாரியில் இருந்தாலும் மேசையில் இருந்தாலும் இரவல் தருகிற புத்தகம்தான். அகராதி, கலைக்களஞ்சியம் மாதிரி குறிப்புதவி என்று முத்திரை குத்தியவை மட்டும்தான் வெளியே போகாது, அவை எந்த மாதத்திலும் போகாது. 1931-ல் எஸ். ஆர். அரங்கநாதன் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார், அதில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி நூலகர் தினம் என்று அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அன்றைக்கே புத்தகங்களைக் கண்ணாடி பீரோவிலிருந்து எடுத்து அடுக்கி, போட்டோ பிடித்து, சாயங்காலம் திரும்பப் பூட்டி வைத்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மேசை காலியாகிவிட்டால் ஆய்வுக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று ஒரு பயம் இருக்கிறது. காலியாகட்டும், அதற்குத்தான் போட்டோம். ஒரு புத்தகம் போனதும் அந்த இடத்தில் இன்னொன்றை வையுங்கள். போன புத்தகத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி, வாசகர் கையில் இருக்கிறது, வேண்டுமானால் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ஒட்டுங்கள். எத்தனை புத்தகம் இரவல் போனது என்று பதிவேட்டைக் காட்டினால் எந்த அதிகாரியும் குறை சொல்ல மாட்டார். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக ஊர் மக்கள் கட்டுகிறார்கள். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து இந்த வரி இருக்கிறது. அவர்கள் காசில் வாங்கிய புத்தகத்தை அவர்களுக்கே காட்சிப்பொருளாக வைக்க நமக்கு என்ன உரிமை?

சரி, மேசையில் எதை வைப்பது? இதில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், லூயி பாஸ்டர் இறந்த நாள். நாய்க்கடி பற்றி ஏதாவது இருக்கிறதா என்று அவசரத்தில் தேடினால் முதலில் கைக்கு வருவது அட்டை கிழிந்த பழைய மருத்துவப் புத்தகம்தான். அதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இருக்கும். அந்த ஊசி போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போது மேல்கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள், அவ்வளவுதான், அரசு ஆஸ்பத்திரியில் காசும் கிடையாது. ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். கடித்தவுடன் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைத்துக் கட்டக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். தொப்புள் ஊசிக்குப் பயந்தே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மந்திரிக்கப் போகிற ஆட்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். நூலகமே அந்தப் பயத்துக்குச் சாட்சி சொல்லலாமா?

மார்ச் 24 காசநோய் தினத்துக்கும் இதே கதைதான். வருடக்கணக்கில் சானடோரியத்தில், அதாவது அந்தக் காலத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில், படுத்துக் கிடக்கச் சொல்லும் புத்தகத்தை வைக்காதீர்கள். இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை, விடாமல் சாப்பிட வேண்டும், மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் அரசே தருகிறது.

சட்டப் புத்தகங்களையும் பாருங்கள். மகளிர் தினத்துக்கு வைக்கிற பெண்கள் உரிமை நூல்களில் பாதி, கணவர் வீட்டுக் கொடுமைக்கு இன்னும் இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ என்றே பேசுகின்றன. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது, அந்தப் பிரிவு அதில் 85, 86 என்று இருக்கிறது. புத்தகம் நல்லதாக இருந்தால் உள்ளே ஒரு சீட்டு எழுதி வைத்துக் கொடுங்கள், தூக்கிப் போட வேண்டாம். ஆண்டு பார்க்கும்போது கடைசிப் பதிப்பின் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். எட்டாம் பதிப்பு 2019 என்று போட்டிருக்கும், முதல் பதிப்பு 1984 என்று அதற்கு மேலேயே இருக்கும், உள்ளே ஒரு வரி மாறியிருக்காது. மருத்துவமும் சட்டமும் என்றால் நான் முதல் பதிப்பைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். டிசம்பர் 1-க்கு எய்ட்ஸ் புத்தகங்களை வாசல் மேசையில் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். ஊர்க்காரர்கள் பார்க்க எடுக்க முடியுமா? கொஞ்சம் உள்ளே, நாளிதழ் படிக்க வருகிறவர்கள் கண் படாத வரிசையில் வையுங்கள். 1097 என்ற உதவி எண்ணைக் கிழித்தெடுத்துப் போகிற மாதிரி சீட்டாக ஒட்டுங்கள். அக்டோபர் 10 மனநல தினத்துக்கு 14416 எண்ணையும் அப்படியே. யாராவது எடுத்து வந்து நீட்டினால் தேதி முத்திரை குத்திக் கொடுங்கள், யாருக்கு, என்ன ஆச்சு என்று அன்பாகக்கூடக் கேட்காதீர்கள்.

நவம்பர் 14-ல் சர்க்கரை நோய் தினம். சர்க்கரையை வேரோடு ஒழிக்கும் சூரணம் என்று நோட்டீஸ் கட்டோடு யாராவது வருவார்கள், மேசையில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று பணிவாகத்தான் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

நினைவு நாட்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறை உண்டு. காந்தி என்றால் அக்டோபர் 2, அவ்வளவுதான். 1921 செப்டம்பர் 22-ல் அவர் அரையாடைக்கு மாறியது நம்ம மதுரை மேலமாசி வீதி வீட்டில் வைத்து. அந்தத் தேதிக்கு மேசை போட்டு, வீதியின் வரைபடம் ஒன்றை ஒட்டிப் பாருங்கள், பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். 1939 ஜூலை 8, அதுவரை உள்ளே விடாமல் ஒதுக்கி வைத்திருந்தவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த நாள். வைத்தியநாத ஐயரோடு உள்ளே போனவர்களில் ஒருவர் கக்கன், மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக்காரர். எங்கள் நூலகத்தில் அந்த மேசையைச் சுற்றித்தான் பெரியவர்கள் அதிக நேரம் நின்றார்கள், நின்றதோடு இல்லாமல் தங்களுக்குத் தெரிந்ததையும் சொன்னார்கள். 1904-ல் பாரதி சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்ததும், 1901 செப்டம்பர் 14-ல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் தொடங்கியதும் இதே மதுரையில்தான். நமக்கு நாட்களுக்கா பஞ்சம்?

நடப்புச் செய்தி என்றால் எனக்கு டங்ஸ்டன் பிரச்சினைதான் ஞாபகம் வருகிறது. 2024 நவம்பரில், மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை ஒட்டி டங்ஸ்டன் உலோகம் எடுக்கச் சுரங்க ஏலம் விட்ட செய்தி வந்ததும் நூலகத்துக்குள் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான், எங்கள் ஊர் அந்த எல்லைக்குள் வருகிறதா? வாட்ஸப்பில் சுற்றிய படங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-ல் அறிவித்த அரசாணை, கிராமங்களின் பட்டியல், தாலுகா வரைபடம், அன்றன்றைய நாளிதழ்கள், இவற்றை ஒரே இடத்தில் வைத்தோம். ஆதரித்து எழுதியது, எதிர்த்து எழுதியது இரண்டும் இருந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தான செய்தி வரைக்கும் அந்தப் பலகை அப்படியே இருந்தது. செய்தியை வெட்டி ஒட்டுகிறவர்கள் தயவுசெய்து நாளிதழின் பெயரையும் தேதியையும் ஓரத்தில் எழுதுங்கள். தேதி இல்லாத செய்தி அடுத்த மாதமே பொய்ச் செய்தி ஆகிவிடும்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு. பேச்சுப் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் வகுப்பு முழுவதையும் ஒரே தலைப்பு கொடுத்து அனுப்பாதீர்கள். இருக்கிற இரண்டு புத்தகத்தில் முதலில் வந்த பிள்ளை எழுதியதைத்தான் மற்ற எல்லாரும் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். ஒரு வாரம் முன்னால் ஒரு போன் போட்டு எந்த நாள், எந்த வகுப்பு என்று சொல்லிவிடுங்கள், மாவட்ட மைய நூலகத்தில் கேட்டாவது புத்தகங்களை வரவழைத்து வைக்கிறோம்.