ஒரு கழித்தலில் தெரியும் பின்னல்

புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடைக்காரர் ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகளை எடுக்கிறார். ஒன்றில் சிவப்புச் சேலை, மற்றதில் பச்சைச் சேலை. எது எதில் என்று பார்க்காமலே ஒன்றை வெள்ளவத்தைக்கும் மற்றதைக் கொட்டாஞ்சேனைக்கும் அனுப்பிவிடுகிறார். வெள்ளவத்தையில் பெட்டியைத் திறந்து சிவப்பைக் கண்டவருக்கு, கொட்டாஞ்சேனைக்குப் போனது பச்சை என்று அந்தக் கணமே தெரிந்துவிடும்.

குவாண்டம் பின்னலை, அதாவது இரண்டு துகள்களின் நிலையைத் தனித்தனியே சொல்ல முடியாதபடி அவை இணைந்திருப்பதை, விளக்க வரும் காணொளிகளில் பல இந்த மாதிரி ஒரு கதையைச் சொல்லி, "இதுதான் பின்னல்" என்று முடித்துவிடுகின்றன. எனக்கு இது பெரிய மனக்குறை. சேலைப் பெட்டிகளில் இருப்பது சாதாரணத் தொடர்பு. கணிதத்தின் கணக்கில் அது பின்னலுக்கு நேர் எதிர்ப்பக்கமான பிரிக்கத்தக்க நிலையைச் சேர்ந்தது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டப் பெரிய கணிதமும் வேண்டாம். தாயமும் (நிரை நிரலாக எழுதிய எண் அட்டவணை) துணிகோவையும் (இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் குறுக்கே பெருக்கிக் கழித்தால் வரும் எண்) தெரிந்தால் பாதித் தூரம் போய்விடலாம். உங்கள் வீட்டில் யாராவது உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படித்தால் அவருடைய கொப்பியிலேயே அது இருக்கும்.

ஓர் ஒளித்துகளை, அதாவது போட்டோனை எடுப்போம். அதன் முனைவாக்கம், அதாவது ஒளி அதிரும் திசை, கிடையாக இருக்கலாம், நிலைக்குத்தாகவும் இருக்கலாம். முதலாவதை 0 என்றும் அடுத்ததை 1 என்றும் குறிப்போம். போட்டோனின் நிலையைச் சொல்ல இரண்டு எண்கள் போதும்: 0-க்கு ஒன்று, 1-க்கு ஒன்று. அந்த எண்ணின் பருமனை வர்க்கித்தால் நிகழ்தகவு வரும். ஆனால் எண் மறையாகவும் இருக்கலாம், சிக்கலெண்ணாகவும் இருக்கலாம். குவாண்டத்தின் விசேஷமெல்லாம் இந்த அனுமதியில்தான் தொடங்குகிறது.

இரண்டு போட்டோன்கள் என்றால் 00, 01, 10, 11 என நான்கு சாத்தியங்கள், ஆகவே நான்கு எண்கள். அவற்றை இரண்டு நிரை, இரண்டு நிரலாக எழுதுவோம். முதல் போட்டோனுக்குத் தனியாக (அ, ஆ) என்றொரு நிலையும், இரண்டாவதுக்குத் தனியாக (இ, ஈ) என்றொரு நிலையும் இருந்தால், மேல் நிரையில் அஇ, அஈ என்றும் கீழ் நிரையில் ஆஇ, ஆஈ என்றும் வரும். இப்போது குறுக்கே பெருக்கிப் பாருங்கள். ஒரு மூலைவிட்டத்தில் அ×இ×ஆ×ஈ. மற்றதிலும் அதே நான்கும்தான். கழித்தால் பூச்சியம். மறுதலையும் சரி: துணிகோவை பூச்சியமானால் ஒரு நிரை மற்ற நிரையின் மடங்காக இருக்கும், அட்டவணையை இரண்டு தனி நிலைகளின் பெருக்கமாகப் பிரித்துவிடலாம். பூச்சியம் வராவிட்டால் எப்படித் தலைகீழாக நின்றாலும் பிரிக்க முடியாது. அந்த நிலைதான் பின்னிய நிலை.

ஓர் உதாரணம். நான்கு இடத்திலும் ½ போடுங்கள். ¼ − ¼ = 0, பிரிக்கத்தக்கது. இப்போது கடைசி ½-ஐ மட்டும் −½ ஆக்குங்கள். வர்க்கித்தால் நிகழ்தகவுகள் மாறவே இல்லை, நான்கும் முன்போலவே 25 சதவீதம். துணிகோவையோ −¼ − ¼ = −½. அதன் பருமனை இரண்டால் பெருக்கினால் கிடைப்பது பின்னலின் அளவு. அது 0-வுக்கும் 1-க்கும் இடையில்தான் இருக்கும். இங்கே 1, அதாவது உச்சம். ஒரே ஒரு குறி மாறியதில் துளியும் பின்னாத நிலை முழுதாகப் பின்னிய நிலையாகிவிட்டது!

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நிலையில் இரண்டு போட்டோன்களையும் கிடையா, நிலைக்குத்தா என்று மட்டும் கேட்டால் விடைகளுக்கிடையில் ஒரு தொடர்பும் தெரியாது, இரண்டு நாணயங்களைத் தனித்தனியே சுண்டிய மாதிரித்தான் இருக்கும். இரண்டாவது போட்டோனின் முன்னால் உள்ள, முனைவாக்கத்தைச் சோதிக்கும் வடிகட்டியை 45 பாகை திருப்பியதும் இரண்டு விடைகளும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும். ஆகவே ஒரு திசையில் தொடர்பு தெரிகிறதா இல்லையா என்பதை வைத்து மட்டும் பின்னலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரு துகளுக்கு இரண்டுக்கு மேற்பட்ட சாத்தியங்கள் இருந்தாலும் வழி இதுதான், அட்டவணைதான் பெரிதாகும். அதை எத்தனை பெருக்கங்களின் கூட்டலாகக் குறைந்தபட்சம் எழுதலாம் என்று பார்க்க வேண்டும். ஒன்று போதுமென்றால் பின்னல் இல்லை. இதற்கான கணிதத்தை எர்ஹார்ட் ஷ்மிட் 1907-இலேயே எழுதிவைத்துவிட்டார். குவாண்டம் பொறிமுறை பிறந்தது 1920-களில். பின்னலுக்கு ஷ்ரோடிங்கர் பெயர் வைத்தது 1935-இல்.

துகள்களின் எண்ணிக்கை கூடும்போது கதை வேறு. நமது போட்டோனைப் போல 0, 1 என்ற இரண்டு சாத்தியங்கள் கொண்ட துகளைக் கியூபிட் என்பார்கள். தனித்தனி நிலையில் இருக்கும் 50 கியூபிட்டுகளுக்கு 100 எண்கள் போதும். பின்னலையும் அனுமதித்தால் 2-இன் 50ஆம் அடுக்கு, ஏறக்குறைய 1,12,589 ஆயிரம் கோடி எண்கள் வேண்டும். குவாண்டம் கணினி மீது இத்தனை ஆசை வைத்திருப்பதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கிய காரணம்.

சரி, இதுவரை பார்த்தது தூய நிலைகள். ஆய்வுகூடத்தில் கிடைப்பவை எப்போதும் கலப்பு நிலைகள்: இரைச்சல் சேரும், எந்த நிலை வந்தது என்பதே நிச்சயமிருக்காது. அப்போது நான்கு எண்கள் போதாது, நான்கு நிரை நான்கு நிரல் கொண்ட தாயம் வேண்டும். சேலைப் பெட்டிகளை (சிவப்பு 0, பச்சை 1) இந்தத் தாயத்தில் எழுதினால் மூலைவிட்டத்தில் 00, 01, 10, 11-இன் நிகழ்தகவுகளாக 0, ½, ½, 0 என்று வரும், மற்ற இடமெல்லாம் பூச்சியம். எப்போதும் எதிரெதிர் விடை தரும் பின்னிய போட்டோன் சோடிக்கும் மூலைவிட்டம் அச்சாக அதேதான். ஆனால் அதற்கு வெளியே இரண்டு இடத்தில் −½ நிற்கும். வடிகட்டிகளை எந்தப் பக்கம் திருப்பினாலும், இரண்டையும் ஒரே அளவு திருப்பும் பட்சத்தில், எதிரெதிர் விடையே வருவதற்குக் காரணம் அந்த இரண்டு எண்கள். சேலைக் கலவையில் 45 பாகை திருப்பிய உடனே தொடர்பு காணாமல் போய்விடும்.

கலப்பு நிலையில் எது பிரிக்கத்தக்கது என்பதற்குச் சரியான வரையறையை 1989-இல் ரைன்ஹார்ட் வெர்னர் தந்தார்: தனித்தனி நிலைகளின் பெருக்கங்களை ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து அதைப் பெற முடிய வேண்டும். கேட்க எளிது. தொல்லை என்னவென்றால் ஒரே தாயத்தை எண்ணற்ற விதங்களில் கலந்து பெறலாம். முழுதாகப் பின்னிய இரண்டு வேறு நிலைகளைச் சரிபாதியாகக் கலந்தால், பின்னலே இல்லாத நிலை வரலாம். ஆகவே ஒரு நிலை பின்னியது என்று சொல்ல, எந்தக் கலவையாலும் அதைப் பிரித்து எழுத முடியாது என்று காட்ட வேண்டும்.

1996-இல் அஷர் பெரெஸ் ஓர் அழகான சோதனையைக் கண்டுபிடித்தார். தாயத்தில் இரண்டாவது துகளுக்குரிய பகுதியில் மட்டும் நிரையையும் நிரலையும் மாற்றிப் போடுங்கள். பிரிக்கத்தக்க நிலை இந்த மாற்றத்துக்குப் பிறகும் ஒழுங்கான நிலையாகவே இருக்கும். ஒழுங்கான நிலையின் தாயத்துக்கு ஐகன் பெறுமானங்கள் (தாயத்திலிருந்து கணிக்கப்படும் அதற்கே உரிய எண்கள்) மறையாக வராது; ஆகவே மாற்றிய பின் ஐகன் பெறுமானம் ஒன்று மறையானால் பின்னல் உறுதி. மேலே சொன்ன சோடியை இரைச்சலோடு கலந்து பார்ப்போம். சோடியின் பங்கு ம, மீதி வெறும் இரைச்சல், அதாவது நான்கு சாத்தியங்களும் சமமாக. மாற்றிப் போட்டதும் −ம/2 என்ற எண்கள் இடம்பெயர்ந்து 00, 11 மூலைகளை இணைக்கும். அங்கே மூலைவிட்டத்தில் (1−ம)/4 மட்டுமே இருக்கிறது. ஐகன் பெறுமானங்கள் (1+ம)/4, (1−3ம)/4. ம மூன்றில் ஒன்றைத் தாண்டியதும் இரண்டாவது மறையாகிறது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக இரைச்சல் இருந்தாலும் பின்னல் சாகவில்லை என்று அர்த்தம். இதே நிலை ஜோன் பெல் 1964-இல் தொடக்கிவைத்த வகைச் சமனின்மைகளில் (சேலைப் பெட்டி மாதிரியான விளக்கங்களால் தாண்ட முடியாத எல்லைகள்) வழக்கமாகப் பயன்படும் ஒன்றை மீற வேண்டுமென்றால் ம ஏறத்தாழ 0.707-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அதற்கும் மூன்றில் ஒன்றுக்கும் நடுவில், பின்னல் இருந்தும் அந்தச் சோதனைக்கு அகப்படாத நிலைகள் இருக்கின்றன.

அதே 1996-இல் போலந்தைச் சேர்ந்த ஹொரொடெட்ஸ்கி குடும்பத்தினர், தந்தையும் இரண்டு மகன்களும் சேர்ந்து, பெரெஸ் சோதனையின் எல்லையைக் காட்டினார்கள். இரண்டு கியூபிட்டுகளுக்கும், ஒரு கியூபிட்டோடு மூன்று நிலை கொண்ட துகளுக்கும் அது முழுத் தீர்ப்பு. அதற்கு மேலே போனால், சோதனையில் தேறிவிட்டு உள்ளே பின்னலை வைத்திருக்கும் நிலைகள் உண்டு. பொதுவாக ஒரு தாயத்தைக் கொடுத்துப் பிரிக்கத்தக்கதா என்று கேட்டால் அது கணினிகளுக்கு மிகக் கடினமான வகைக் கணக்கு என்று லியோனிட் குர்விட்ஸ் 2003-இல் நிறுவினார். அதனால் ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் முழுக் கேள்வியையும் கேட்பதில்லை. பிரிக்கத்தக்க எந்த நிலைக்கும் மறைச் சராசரி தராத ஓர் அளவீட்டைத் தேர்ந்தெடுத்து அதைச் செய்து பார்க்கிறார்கள். சராசரி மறையாக வந்தால் பின்னல் இருக்கிறது. வராவிட்டால் வேறோர் அளவீட்டைத் தேட வேண்டியதுதான்.